அப்பா சொன்ன பொருக்கு

எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது அப்பாவுக்காக ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு சொல்லைப் பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன். அது பிழை என்று விளங்க எனக்கு ஐந்து வருஷம் பிடித்தது. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். இடையில் கொஞ்சம் விஞ்ஞானம் வரும். பயப்படாதீர்கள், எல்லாம் உங்கள் வீட்டு ரோஸ்ரருக்குள் இருக்கிற விஞ்ஞானம்தான்.

நாங்கள் இருப்பது ஸ்காபரோவில். அப்பா ஊரில் இருந்தபோது சுன்னாகத்தில் ஒரு வெல்டிங் கடையில் வேலை பழகியவர். கனடாவுக்கு வந்த பிறகு, உருக்குப் பாகங்களைச் சூடாக்கிப் பதப்படுத்தும் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. பல்சக்கரம், தண்டு, போல்ட் என்று கூடை கூடையாக வரும். கூடையோடு மின்சார உலைக்குள் தள்ளி, 850, 900 பாகை வரை சூடாக்கி, எடுத்து எண்ணெய்க்குள் இறக்குவார்கள். அப்போதுதான் உருக்கு இறுகும். நான் 'உலை' என்று எழுதுகிறேன். அப்பா எப்போதும் 'அடுப்பு' என்றுதான் சொல்வார்.

அந்த உலைகளைச் சனி, ஞாயிறில்கூட முழுதாக அணைப்பதில்லை. வேலை இல்லாத நேரம் சூட்டைக் கொஞ்சம் குறைத்து வைப்பார்கள், அவ்வளவுதான். ஒரு வருஷம் மின்சாரக் கட்டணம் கூடிவிட்டது என்று, இனி வெள்ளிக்கிழமை பின்னேரம் முழுதாக அணைப்பது என்று முடிவெடுத்தார்கள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் காலையில் வேலையால் வந்து, உடுப்புக்கூட மாற்றாமல், தேத்தண்ணியோடு எனக்கு முன்னால் இருந்தார்.

"பிள்ளை, மேற்பார்வையாளருக்கு ஒரு கடிதம் எழுதித் தா. நான் சொல்லுறன், நீ இங்கிலீசில எழுது."

அப்பா சொன்னது இதுதான்:

"கூடையைப் பார். நாளுக்கு நாலைஞ்சு தரம் அடுப்புக்க போய் வெளிய வருது. பொருக்குக் கழண்டு கழண்டு ஒரு வருஷத்தில முடிஞ்சு போகுது. அடுப்புக்கு உள்ளுக்க கிடக்கிற தண்டவாளமும் அதே சாதி உலோகம்தான். அது ஏழெட்டு வருஷமாக் கிடக்குது. ஏனெண்டா அது ஆறுறதில்லை. கிழமைக்கு ஒருக்கா அடுப்பை அணைச்சால் உள்ளுக்க இருக்கிற சுருளுக்கும் கூடையின்ர கதிதான். பொருக்குக் கழண்டால் சாமான் போச்சு."

எனக்குப் 'பொருக்கு' என்றால் என்னவென்று தெரியாது. பள்ளிக்கூட பஸ் வர இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது.

"துருவா அப்பா?"

"துரு மாதிரித்தான். ஆனா துரு இல்லை. அது வந்து..."

அப்பா சொல்லத் தொடங்கினார். நான் கேட்கவில்லை. 'ரஸ்ற்' என்று எழுதினேன். உலையை அடிக்கடி அணைத்தால் சூடாக்கும் சுருள்கள் துருப்பிடிக்கும் என்று நாலு வரியில் முடித்து, அச்சடித்துக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

மேற்பார்வையாளர் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தாராம். இந்தச் சுருள்கள் சூடு தாங்கும் கலப்புலோகம், துருப்பிடிக்காது என்று சொன்னாராம். அவர் சொன்னது உண்மை. அதுதான் பிரச்சினை. உலைகளோடு பதினைந்து வருஷம் வேலை செய்த ஒருவரை, அடிப்படை தெரியாத ஒருவராக என் கடிதம் காட்டிவிட்டது. அப்பா அதை மடித்துக் கொண்டுவந்து மேசை லாச்சிக்குள் வைத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் உலையை அணைத்தார்கள். அடுத்த வருஷப் பனிக்காலத்தில் ஓர் இரவு, உலை நிறையச் சாமான் இருக்கும்போது சுருள் இரண்டு இடத்தில் அறுந்தது. உள்ளே இருந்தது எல்லாம் பழுது. ஆருக்கும் காயம் இல்லை. ஆனால் உலை ஒரு கிழமை மூடிக் கிடந்தது. அப்பாவின் ஷிஃப்ற்றில் இருந்தவர்களுக்கு அந்தக் கிழமைச் சம்பளம் இல்லை.

"நீங்கள் சொன்னதை அவங்கள் கேட்டிருக்க வேணும் அப்பா" என்றேன்.

"அவங்களுக்கு விளங்கேல்லைப் பிள்ளை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிறகு நான் பல்கலைக்கழகம் போய் உலோகப் பொறியியல் படித்தேன். அப்பாவின் வேலையைப் பார்த்து ஆசைப்பட்டுப் போனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில், நான் கேட்ட துறைக்கு மார்க்ஸ் காணவில்லை. மூன்றாம் வருஷத்தில் எங்களுக்கு ஒரு சின்ன ஆய்வு. பேராசிரியர் என் கையில் நாலு உலோகத் துண்டுகளைத் தந்தார். ஒவ்வொன்றும் நகம் அளவுதான். ஒன்று சாதாரண உருக்கு. இரண்டாவது நிக்கலும் குரோமியமும் சேர்ந்த நிக்ரோம். மூன்றாவதும் நாலாவதும் இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலப்புலோகங்கள். அவை இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. வேலை இலகு. நாலையும் 1100 பாகை உலையில் வை. ஒவ்வொரு நாளும் எடுத்து, ஆறவிட்டு, நிறு. திரும்ப வை. மூன்று கிழமை.

உலோகம் சூட்டில் ஒட்சிசனோடு சேரும்போது ஒட்சைட்டு உண்டாகும். சேர்ந்த ஒட்சிசனின் பாரம் தராசில் தெரியும். பாரம் கூடினால் ஒட்சியேற்றம் நடக்கிறது என்று அர்த்தம். அதிகம் கூடினால் கூடாத உலோகம், குறைவாகக் கூடினால் நல்ல உலோகம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு தொடங்கினேன்.

இந்த இடத்தில் நான் நெடுநாள் பிழையாக நினைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சூடு தாங்கும் உலோகம் என்றால் ஒட்சிசனோடு சேராத உலோகம் என்று நினைத்திருந்தேன். பொன், பிளாற்றினம் போன்ற சிலவற்றை விட்டால், நாங்கள் பாவிக்கிற உலோகங்கள் எல்லாமே சேரும். அதிலும் அலுமினியம் இரும்பை விட ஆவேசமாகச் சேரும். சேர்வதா இல்லையா என்பதல்ல கேள்வி. சேர்ந்த பிறகு மேலே உண்டாகிற படை எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி.

இரும்பை எடுங்கள். 570 பாகைக்கு மேலே அதன் மீது உண்டாகும் படையில் பெரும்பகுதி ஒரு வகை இரும்பு ஒட்சைட்டு. அதன் அணு அடுக்கில் இரும்பு இருக்க வேண்டிய இடங்கள் பல வெறுமையாகக் கிடக்கும். அந்த வெற்றிடங்கள் வழியாக உள்ளே இருக்கிற இரும்பு அணுக்கள் மேலே ஏறி வந்து ஒட்சிசனைச் சந்தித்துக்கொண்டே இருக்கும். கதவு திறந்து கிடக்கிற வீடு மாதிரி. என் உருக்குத் துண்டு முதல் நாளே தடித்த கறுப்பு ஓட்டோடு வந்தது. தொட்டால் உதிர்ந்தது. உள்ளே இருந்த இரும்பு மெலிந்துபோய் இருந்தது.

குரோமியத்தின் ஒட்சைட்டு வேறு மாதிரி. அணுக்கள் அதனூடாகப் போக மிகவும் கஷ்டப்படும். அலுமினியத்தின் ஒட்சைட்டில் இன்னும் கஷ்டம். ஆகவே படை மெல்லியதாக உண்டாகி, தானே தனக்குத் தடையாகிவிடும். தடிக்கத் தடிக்க வேகம் குறையும். படையின் தடிப்பு இரண்டு மடங்காக வேண்டுமென்றால் நாலு மடங்கு நேரம் வேண்டும். மூன்று மடங்காக வேண்டுமென்றால் ஒன்பது மடங்கு. இப்படியே போனால் சில மைக்ரோமீற்றர் தடிப்புள்ள ஒரு படையே ஓர் உலோகத்தை வருஷக்கணக்காகக் காப்பாற்றும்.

உருகுநிலை கூடினால் சூடு தாங்கும் என்றும் நினைக்காதீர்கள். மொலிப்டினம் 2600 பாகைக்கு மேலேதான் உருகும். ஆனால் காற்றில் 800 பாகைக்கு அண்மையில் அதன் ஒட்சைட்டு உருகி, ஆவியாகிப் போய்விடும். மேலே படையே நிற்காது. உலோகம் புகையாகக் கரைந்துகொண்டிருக்கும். மறுபக்கம், அலுமினியம் வெறும் 660 பாகையில் உருகும் உலோகம். ஆனால் அதைக் கொஞ்சமாக இரும்புக்குள் கலந்தால், உண்டாகிற படை 2000 பாகைக்கு மேலேதான் உருகும். தனியாக நிற்க முடியாத ஒன்று, கலந்த இடத்தில் காவலாகிறது.

இதைக் கண்டுபிடிக்கும் வரை மின்சாரத்தால் சூடாக்கும் கருவிகள் நிலைக்கவில்லை. கம்பியைச் சிவக்கச் சூடாக்கினால் சீக்கிரம் எரிந்து அறுந்துவிடும். 1906-இல் அமெரிக்காவில் அல்பேர்ட் மார்ஷ் என்பவர் நிக்கலும் குரோமியமும் சேர்ந்த கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். 80 வீதம் நிக்கல், 20 வீதம் குரோமியம். ரோஸ்ரர் வீடுகளுக்கு வந்தது அதன் பிறகுதான். 1920களில் சுவீடனில் ஹான்ஸ் வொன் கன்ட்சோ இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்த்தார். அவருடைய பெயரின் முன்பாதியையும் ஹல்ஸ்டாஹம்மர் என்ற ஊரின் பெயரையும் சேர்த்து அதற்குக் 'கந்தால்' என்று பெயர். நிக்ரோம் ஏறக்குறைய 1200 பாகை வரை தாங்கும். இந்தக் குடும்பத்தில் சிறந்தவை 1400 வரை போகும். அப்பாவின் உலையில் இருந்த சுருள்களும் இந்தக் குடும்பம்தான்.

ஏன் மூன்றும் வேண்டும், இரும்பும் அலுமினியமும் மட்டும் போதாதா என்று நான் கேட்டேன். அலுமினியம் மட்டும் என்றால் நல்ல படை உண்டாக நிறையக் கலக்க வேண்டும். நிறையக் கலந்தால் உலோகம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், கம்பியாக இழுக்க முடியாது. 20 வீதத்துக்குச் சற்று மேலே குரோமியம் இருந்தால் 5, 6 வீத அலுமினியமே போதும். தொடக்கத்தில் குரோமியம் ஒட்சிசனைப் பிடித்துக்கொண்டு நிற்க, அந்த நேரத்தில் அலுமினியம் கீழே தன் படையை முழுதாகக் கட்டிவிடும்.

என் ஆய்வுக்கு வருகிறேன். நிக்ரோம் துண்டு கரும்பச்சையாகி, பாரம் மெதுவாகக் கூடியது. நாலாவது துண்டு அழகாக, புத்தகத்தில் உள்ள வளைகோடு மாதிரியே போனது. மூன்றாவது என்னைக் குழப்பியது. முதல் சில நாட்கள் கூடியது. பிறகு குறையத் தொடங்கியது. ஒட்சிசனைச் சேர்த்துக்கொண்டே ஒரு பொருள் எப்படிப் பாரம் குறையும்? தராசில் பிழை என்று நினைத்தேன். துடைத்து, சரிபார்த்து, திரும்ப நிறுத்தேன். இன்னும் குறைந்தது.

உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த நாட்களின் எண்களை அறிக்கையில் விட்டுவிடுவோமா என்று யோசித்தேன். நாலாவது துண்டும் கிட்டத்தட்ட அதே உலோகம்தானே, அதன் கோட்டை மட்டும் காட்டினால் போதாதா என்று மனம் சொன்னது.

அடுத்த நாள் துண்டுகளை உலையால் எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்துவிட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. குனிந்து பார்த்தேன். மூன்றாவது துண்டில் இருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சின்னச் செதில்கள் துள்ளி விழுந்துகொண்டிருந்தன. தட்டில் தூள் கிடந்தது. பாரம் எங்கே போனது என்று விளங்கியது.

போனில் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று தெரியாது. வீட்டில் வேறு ஆருக்கு அனுப்புவது? உடனே அழைத்தார்.

"உது பொருக்கு" என்றார். "கூடையில வாறது. அண்டைக்குச் சொன்னேனே."

கடிதம் ஞாபகம் வந்தது. வயிறு ஒருமாதிரி இருந்தது.

"அப்பா, பொருக்கு எண்டால் என்ன?"

"சின்னனில சைக்கிளால விழுந்து முழங்காலைக் காயப்படுத்தினியே. அது காஞ்சு மேல கறுப்பா ஒண்டு வந்துதே, அம்மா பிய்க்காதை பிய்க்காதை எண்டு கத்துறவ. அதுதான் பொருக்கு. துரு தின்னும் பிள்ளை. பொருக்கு காப்பாத்தும். கழராமல் இருக்கும் வரைக்கும் காப்பாத்தும்."

மூன்று கிழமையாக நான் வாசித்த புத்தகங்கள் சொன்னதை, அப்பா போனில் நாலு வசனத்தில் சொல்லி முடித்தார்.

ஏன் கழருகிறது என்பதற்கு எனக்கு இப்போது கணக்குத் தெரியும். சூட்டில் இருக்கும்போது படையும் உலோகமும் சண்டை இல்லாமல் இருக்கும். ஆறும்போதுதான் பிரச்சினை. உலோகம் சுருங்கும் அளவு, அலுமினிய ஒட்சைட்டு சுருங்கும் அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கீழே இருப்பது வேகமாகச் சுருங்க, மேலே இருப்பது நெரிபட்டு, பிளந்து, துள்ளி விழும். திரும்பச் சூடாக்கும்போது வெறுமையான இடத்தில் உலோகம் புதுப் படை கட்டும். கட்டுவதற்குத் தன்னிடம் உள்ள அலுமினியத்தைத்தான் எடுக்க வேண்டும். அந்தச் சேமிப்பு 5, 6 வீதம்தான். ஒவ்வொரு முறை கழரும்போதும் கொஞ்சம் போகும். கம்பி மெல்லியது என்றால் சேமிப்பும் சிறியது. ஒரு கட்டத்தில் படை கட்டும் அளவுக்கு அலுமினியம் மிஞ்சாது. அதன் பிறகு இரும்பு தன் பழைய குணத்தைக் காட்டும். வருஷக்கணக்காகத் தாங்கிய கம்பி கொஞ்ச நாளில் முடிந்துவிடும்.

ஆகவே கொல்வது சூடு மட்டும் இல்லை. சூடாக்கி ஆற்றி, சூடாக்கி ஆற்றிச் செய்வதும்தான். விமான இயந்திரத்தின் சுழலித் தகடுகளுக்கும் இதே பிரச்சினை. பியர்சனில் ஏறி இறங்குகிற ஒவ்வொரு விமானத்திலும் ஒவ்வொரு பயணமும் அவற்றுக்கு ஒரு சூடும் ஒரு ஆறலும்.

அப்படியென்றால் நாலாவது துண்டு ஏன் கழரவில்லை? பேராசிரியர் கடைசி நாளில்தான் சொன்னார். அதில் இட்ரியம் என்ற மூலகம் 0.1 வீத அளவில் இருந்தது. ஆயிரம் கிராமுக்கு ஒரு கிராம். அவ்வளவுதான் வித்தியாசம். உலோகத்தில் எப்போதும் துளியளவு கந்தகம் இருக்கும். அது சூட்டில் நகர்ந்து வந்து, படைக்கும் உலோகத்துக்கும் இடையில் நின்று பிடிப்பைக் குலைக்கும். இட்ரியம் அந்தக் கந்தகத்தைக் கட்டி வைத்துவிடும். படை வளரும் விதத்தையும் மாற்றும். சீரியம், சிர்க்கோனியம், ஹஃப்னியம் போன்றவையும் இப்படித்தான். 1937-இலேயே பிரித்தானியாவில் பிஃபில் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். அளவு கூடிவிட்டால் பலன் தலைகீழாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். இட்ரியம் அதிகமானால் ஒட்சியேற்றமும் கூடும்.

எல்லா எண்களையும் அறிக்கையில் போட்டேன். குறைந்த எண்களைத்தான் முதலில் போட்டேன். அவைதான் ஆய்வின் கண்டுபிடிப்பு.

அந்தக் கிழமை முடிவில் வீட்டுக்குப் போய், லாச்சிக்குள் இருந்த பழைய கடிதத்தைத் தேடி எடுத்தேன். எண்ணெய்க் கறையோடு இருந்தது. அதைப் பார்த்துப் புதுக் கடிதம் ஒன்று எழுதினேன். இந்த முறை ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டிய பிறகே ஆங்கிலத்தில் எழுதினேன். 'ரஸ்ற்' இல்லை. ஆங்கிலத்தில் பொருக்குக்கு 'ஸ்கேல்' என்று சொல்வார்கள். ஐந்து எழுத்துச் சொல் ஒன்று. அன்றைக்குப் பத்து நிமிஷம் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அணைச்சதாலதான் அறுந்தது எண்டு எழுதாதை" என்றார். "சுருள் பழசாயும் இருந்தது. அதையும் எழுது. சரியா எழுதோணும்."

எழுதினேன்.

"அப்பா, அண்டைக்கு நான்தான் பிழையா எழுதினனான்."

"தெரியும்" என்றார். "நீ சின்னப் பிள்ளை. நானும் விளங்கப்படுத்தேல்லை."

அந்த மேற்பார்வையாளர் இப்போது அங்கே இல்லை. உலையையும் இப்போது அணைப்பதில்லையாம். கடிதத்தைக் கொடுக்க ஆரும் இல்லை. அப்பா அதை மடித்துப் பழைய கடிதத்துக்கு மேலே வைத்து லாச்சியை மூடினார்.

உங்களில் பலர் வீட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வங்கிக் கடிதம், டொக்டரின் துண்டு, வேலைத்தலப் படிவம். பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், எனக்கும் தெரியும். ஆனால் அம்மாவோ அப்பாவோ ஒரு சொல்லைச் சொல்லி, அது உங்களுக்குத் தெரியாவிட்டால், கிட்டத்தட்டச் சரியான வேறொரு சொல்லைப் போட்டுவிட்டு ஓடாதீர்கள். "அப்படியெண்டால் என்ன?" என்று கேளுங்கள். அவர்கள் அந்தச் சொல்லைச் சும்மா சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாளைக்குக் காலையில் ரோஸ்ரரைப் போடும்போது உள்ளே சிவக்கிற கம்பியை எட்டிப் பாருங்கள். கையை மட்டும் விடாதீர்கள். அது எரிந்துபோகாமல் இருப்பது அதன் மேல் உள்ள ஒரு மெல்லிய பொருக்கால். கழராமல் இருக்கும் வரைக்கும் காப்பாற்றும்.